கறுவலைத் தனியே இருக்கப் பழக்கியது

11.02.1997

பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் பஞ்சு. இரண்டு தலையணையும் போய்விட்டன. அவருடைய செருப்பு, என் நீலச் சேலையின் தலைப்பு, கதவின் அடிப்பலகை, எல்லாவற்றிலும் பல் பட்டிருக்கிறது. நடுவில் கறுவல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, கலியாணவீடு நடத்தி முடித்ததுபோல.

சிவபாதம் கொழும்புக்குப் போகுமுன் மாங்கேணியில் தன் தமையன் வீட்டிலிருந்து தூக்கி வந்த குட்டி. "நான் சுவிசுக்குப் போய்ச் சேந்து உன்னக் கூப்பிடுமட்டும் இது உனக்குத் துணை" என்றார். கலியாணமாகி நான்கு வருடம். துணைக்கு ஒரு நாய்.

12.02

இன்றும் கடித்து வைத்திருந்தது. கூட்டுகிற தும்புக்கட்டையால் அடித்தேன். கட்டிலுக்குக் கீழே போய் மூத்திரம் பெய்துவிட்டது. அது கடித்தது காலையில், அடி விழுந்தது பின்னேரம். எதற்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? யாருக்கு விழ வேண்டிய அடி என்று எனக்கு மட்டும் தெரியாதா?

17.02

கட்டிப்போட்டுப் போனேன். இழுத்து இழுத்துக் கழுத்தில் தோல் உரிந்திருக்கிறது. அன்னப்பூரணி அக்கா வேலிக்கு அங்கால் காத்து நின்றாள்.

"உன்ர நாய் ஊளையிட்டு ஊளையிட்டு சென்றியில நிக்கிற ஆமிக்காரன் ரெண்டு தரம் வந்து எட்டிப் பாத்திட்டான்கா. இன்னொருக்காக் கேட்டா வெடிதானாம். எங்கயாவது கொண்டுபோய் விடு."

"வீட்டுத் திறப்பு ஒண்டு உன்னட்டத்தானே இரிக்கு. ஒருக்கா வந்து பாத்தா என்ன?"

"எனக்கு வேற வேல இல்லையா?"

அம்மாவின் வளவைப் பிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமாகத் தந்த வீடுகள். நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும்தான்.

20.02

நான் படிப்பிக்கிற முதலாம் வகுப்பில் ஒரு சின்னவள் இன்னும் அழுகிறாள். தாய் யன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று அவளும் அழுகிறாள். "சொல்லிட்டுப் போங்க. நீங்க நிண்டா அவள் அழுகைய விடமாட்டாள்" என்று அனுப்பி வைத்தேன்.

அக்கரைப் பாடசாலையிலிருந்து வாவியைக் கடந்து திரும்பும்போது படகில் நினைத்துப் பார்த்தேன். நான் என்ன செய்கிறேன்? விடிந்தால் நாயைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வாறன் ராசா" என்று ஒப்பாரி. வந்தவுடன் திரும்பவும் அதே கூத்து. நான் வெளிக்கிடுவது பெரிய சாவீடு என்று அதற்குப் படிப்பித்தவளே நான்தான்.

22.02

சனிக்கிழமை. முழுநாளும் இதே வேலை. ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தி, கிணற்றடி வரை போய், அது முனகத் தொடங்குமுன் திரும்பினேன். பிறகு படலை வரை. பிறகு ஒழுங்கை முடக்கு வரை. ஒருதரம் பிந்திவிட்டது, கதவைப் பிறாண்டியது. அடங்கும்வரை வெளியே நின்றுதான் உள்ளே போனேன். பள்ளிக்குக் கொண்டுபோகும் குடையைத் தொட்டாலே நடுங்குகிறது. ஆகவே குடையை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் அடுப்படியில் குந்தியிருந்தேன். யாராவது கண்டிருந்தால், புருசன் போன கவலையில் மூளை கலங்கிவிட்டது என்றிருப்பார்கள்.

09.03

விடிய வாவிக்கரையில் நாக்குத் தள்ளும்வரை ஓடவிடுகிறேன். கடிக்கக்கூடியதெல்லாம் அலுமாரிக்குள். சிரட்டையில் சோறும் கருவாட்டுத் தலையும் இறுக்கி அடைத்து வைத்தால் அதைத் தோண்டுவதிலேயே நேரம் போகிறது. கடிக்க ஒரு பழைய சாக்கு. இப்போது சாக்கு மட்டும்தான் கிழிகிறது.

சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தவர், ஞாயிறு போன் எடுப்பேன் என்றிருந்தார். இன்றும் தலைவாரி, பூச்சேலை உடுத்துப் போய்த் தொலைபேசிக் கடை வாங்கில் இருந்துவிட்டு, அழைப்பு வராமல் திரும்பினேன்.

18.03

ஊளை இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயில் அதுதான் பாராட்டு.

02.05

ஆமிக்காரர் படகுத் துறையை மூடிவிட்டார்கள். எங்கோ வெடிச்சத்தம். வீடு திரும்ப வழியில்லாமல் அக்கரையில், படுவான்கரையில், பாடசாலை அதிபர் வீட்டில் இருக்கிறேன். நான் பழக்கியது பள்ளி விடும் நேரம் வரைக்கும்தானே. இனி அது என்ன நினைக்கும்?

04.05

துறை திறந்ததும் முதல் படகு. கதவு முழுசாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் அசுத்தம். தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. கறுவல் எழும்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. குடித்தது, குடித்தது, நிறுத்தவே இல்லை.

"பயமா இரிந்திச்சுகா, கடிச்சிருமெண்டு" என்றாள் அக்கா, திறப்பு இருந்தும் ஏன் உள்ளே போய்த் தண்ணீர் வைக்கவில்லை என்றதற்கு. இந்த நாயா?

14.06

மட்டக்களப்புச் சந்தையில் சிவபாதத்தின் சித்தப்பா மகன் நாகரெத்தினத்தைக் கண்டேன். "மனசத் தேத்திட்டீங்க போல அண்ணி, நல்லம்" என்றான். எதற்கு என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அவர் அங்க ஒருத்தியோட இரிக்கிறார்தானே… அன்னப்பூரணி அக்காக்கிட்டச் சித்திரையிலயே போனில சொல்லிட்டாராமே. உங்களுக்குத் தெரியாதா?"

கூடையோடு நேரே அக்காவிடம் போனேன். மறுக்கவில்லை.

"நீ அக்கரையில படிப்பிச்சிட்டு நிண்ட நேரம் போன் கடைக்கு எடுத்தவன், என்னத்தான் கூப்பிட்டாங்க. சொன்னா நீ உடைஞ்சு போவாய்."

"உடைஞ்சா உடையிறன்! அதை மூடி வைக்க நீ ஆரு?"

"நாந்தானே பேசிக் கட்டி வெச்சன். எந்த முகத்தோட வந்து சொல்ல?"

அப்போ ஒவ்வொரு ஞாயிறும் நான் சோடிச்சிட்டுப் போறதை வேலிக்கால பாத்திட்டுத்தான் நிண்டிரிக்காள். ஒருநாளாவது, போகாதகா எண்டு ஒரு சொல்லு! அவன் அந்நியன். இவள் என்ர கூடப்பிறந்தவள்.

15.06

எழும்பவில்லை. கறுவலும் பசியோடு பக்கத்தில் கிடந்தது.

30.08

அதிபர் பாடசாலை விடுதியில் ஓர் அறை தந்திருக்கிறார். வீட்டைப் பூட்டினேன். என்னிடமிருந்த திறப்பையும் கொடுக்கப் போன இடத்தில் அக்கா, அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"கறுவலையாவது விட்டுட்டுப் போ. நான் பாப்பன். சத்தியமாப் பாப்பன்."

கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காமல் இல்லை.

"வேணாம்" என்றேன். படகு நகர்ந்த பிறகும் துறையில் நின்றாள். நான் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

02.09

கறுவலைப் புது அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஒருதரம் முனகியது. பிறகு நிலத்தில் பொத்தென்று படுக்கும் சத்தம்.

அதிபரின் மனைவி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. "வீட்டில ஆரு இரிக்கா டீச்சர்?" என்று கேட்டா.

"நாய் மட்டும்தான்" என்றேன்.

மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன்.