தப்பு டப்பாவில் ஒரு முக்கால்

ஜூலை 8

கணித மேம்பாட்டுப் பிரிவின் மாண்புமிகு அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் குளியலறை வாளியின் கைப்பிடி நேற்றுக் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, சோப்பு நுரைக்கு நடுவே உயிர் நீத்தது. அப்பா கம்பி கட்டி மறுபிறவி கொடுத்திருக்கிறார். வாளி நலம். அப்பா நலம். நான் நலமில்லை.

போனில் உன்னோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டிருக்கிறேன். எழுதக் கூடாது என்று சபதத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சார் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். கையில் நீ எழுதுகிற ஆசிரியர் கையேட்டின் மாதிரிப் பிரதி. “ஏழாம் வகுப்புல ஒரு புத்திசாலி என்ன எழுதியிருக்கான், கேளுங்கப்பா” என்று படித்தார். நாலில் மூன்று பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா? புத்திசாலியின் விடை: ‘ரெண்டும் சமம். ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது.’

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். விடை எழுதிய சீட்டை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறாய். நாலுக்கு மீசை வைத்து எழுதுகிறவன் இந்தப் பள்ளியில் ஒருத்தன்தான்.

இப்போது என் பெயர் முக்கால். “முக்கால் வர்றான், வழி விடுங்கடா.” “டேய் முக்கா, முழுசா எப்போ ஆவே?” “கணக்கு டீச்சர் பையன்டா இவன்.” கடைசியில் சொன்னதுதான் சுடுகிறது.

பதினெட்டு வருஷம் இங்கே பாடம் நடத்தி, ஊர்ப் பிள்ளைகளின் தப்பான விடைகளையெல்லாம் அந்தத் தப்பு டப்பாவில் சேர்த்தாயே. ஆயிரம் சீட்டு இருக்குமே. உனக்கு என் சீட்டுதான் கிடைத்ததா? ஒரு வார்த்தை கேட்டாயா?

ஒன்று தெரிந்துகொள். அது தப்பே இல்லை, குறும்பு. உன்னை ஏமாற்ற வேண்டுமென்றே எழுதிப் போட்டேன். சரியான விடை எனக்கு அப்போதே தெரியும். உன் பதினெட்டு வருஷ அனுபவத்தை ஒரு பென்சிலால் கவிழ்த்தவன் நான். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முக்கால்
(மீதிக் கால் உன் கையேட்டில்)


ஜூலை 12

என் கண்ணுக்கு,

படம் போட்டது என் தப்பு. பெயரை மறைத்தேன், மீசையை மறந்தேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இனி என் கோபம். அந்த விடைக்கு வருஷக்கணக்காக ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதியவள் நான். உன் சீட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பிள்ளைகள் குறைகிற துண்டை எண்ணுகிறார்கள், அதன் அளவைப் பார்ப்பதில்லை. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தச் சீட்டின் மேல்தான் நிற்கிறது. வேறு சீட்டு வைக்கலாமே என்பாய். சமம் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். ஏன் என்று எழுதியவன் நீ ஒருத்தன்தான்.

இங்கே குழுவில் ஒருத்தர் முதல் நாளிலிருந்தே, “தப்பையெல்லாம் புத்தகமா போட்டா சிரிப்பாங்கம்மா. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லுங்க, போதும்” என்கிறார். அவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. “இதுல ஒரு விடைகூட ஜோடிச்சது இல்ல சார். பிள்ளைங்க நிஜமா நினைச்சது.”

நீ சொல்வதைப் பார்த்தால் அது பொய். பொய்யை வைத்து எந்த ஆசிரியருக்கும் பாடம் சொல்ல மாட்டேன். இருபதாம் தேதி குழு கூடுகிறது. அத்தியாயத்தை நானே எடுத்துவிடுகிறேன். உன் பென்சிலுக்கு வாழ்த்துகள்.

வாளிக் கம்பியில் கையைக் கிழித்துக்கொள்ளாதே. துணி சுற்று.

அம்மா


ஜூலை 15

அம்மாவுக்கு,

தாராளமாக எடு. எனக்கென்ன வந்தது?

நீ போய் எட்டு மாதம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு வர வேண்டும் என்று போனாய். வீட்டுப் பிள்ளைக்கு வருகிறதா என்று ஒரு தடவை கேட்டிருப்பாயா? ‘நீதான் சமாளிச்சுடுவியே’ என்பாய். அதோடு சரி.

துணி சுற்றியாயிற்று.

உன் மகன்


ஜூலை 16

அம்மாவுக்கு,

நேற்றுப் போட்ட கடிதத்தைத் தபால்பெட்டிக்குள் குச்சி விட்டு எடுக்கப் பார்த்தேன். தபால்காரர் வந்துவிட்டார். “என்ன தம்பி, மீன் மாட்டுதா?” என்றார். ஆகவே அது உனக்கு வந்து சேரும். அதைப் படித்துவிட்டு இதைப் படி.

கோபம் இன்னும் போகவில்லை. அது வேறு, இது வேறு.

அது குறும்பு இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஏழாம் வகுப்பில் மட்டும் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து சார் படித்ததைக் கேட்டபோதும் சரியாகத்தானே எழுதியிருக்கிறான் என்றே நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாது. கணக்கு டீச்சர் பையன் வாய் விட்டுக் கேட்க முடியுமா?

இன்று காலை உன் பழைய கோப்பு அட்டையில் தட்டைக் கவிழ்த்து இரண்டு வட்டம் வெட்டினேன். ஒன்றை நாலாக்கினேன், இன்னொன்றை மூன்றாக்கினேன். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். மூன்றிலிருந்து எடுத்ததுதான் பெரிசு. அதனால் அதில் மிஞ்சியது சிறிசு. அப்பா எட்டிப் பார்த்து, “என்னடா இது, சின்னப் புள்ள மாதிரி?” என்றார். விளக்கினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நானும் சமம்னுதான்டா இவ்வளவு நாளா நினைச்சிருந்தேன்” என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார்.

அத்தியாயத்தை எடுக்காதே. மீசையும் இருக்கட்டும். அந்த வாய்ப்பாட்டு ஆள் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. வகுப்பில் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படியும் முக்கால்தான், இதற்கு மேல் என்ன குறைத்துவிடப் போகிறார்கள்?

இன்னொன்று. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம் என்றும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்று பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சபதத்தில் ஞாயிறு சேராது.

முக்கால்