கதவில் சிக்கிய டோரீன்

மார்ச் 3, 1998, செவ்வாய். மோர்கம், இங்கிலாந்து

காலையிலிருந்து மழை. என் வீட்டுக்காரர் வில்ஃப் போய்விட்டார், நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் தேநீர் போடுகிறேன்.

இறுதிச் சடங்கு நடத்துபவர் வந்தார். தகன மண்டபத்தில் சவப்பெட்டிக்கு முன் திரை மூடும்போது என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு, அவரே சிரித்தார். "இதக் கேக்கவே வேணாம். 'கதவுல சிக்கிய டோரீன்'தானே?" என் மகன் கிளைவும் தலையாட்டினான். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 4

அந்த டோரீன் நான்தான்.

1962-இல் வந்த வேடிக்கைப் பாட்டு. கடற்கரை அரங்கு ஒவ்வொன்றிலும் வில்ஃப் அதைப் பாடினார். கடைசி அடிக்கு விளக்கு என் மேல் திரும்பும், நான் எழுந்து நின்று சிரிக்க வேண்டும். சிரித்தேன். அப்புறம் பேருந்தில் பாடினார்கள், இறைச்சிக் கடையில் பாடினார்கள், பிரசவ வார்டில்கூட.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. கால் வலித்தால் பிடித்துவிடுவார். ஆனா இது உனக்குப் பிடிக்குதா டோரீன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாமில்ல? அவர் பெட்டிக்கு முன்னாலயும் நான் சிரிக்கணுமா?

மார்ச் 6

கிளைவிடம் அந்தப் பாட்டு வேண்டாம் என்றேன். வானொலியிலேயே இப்போது அதைப் போடுவதில்லை என்றேன். இந்தக் காலத்தவர்களுக்கு எதற்கெடுத்தாலும் மனசு நோகிறது என்று எரிந்து விழுந்தான்.

"நீயும் சிரிச்சுக்கிட்டுத்தானேம்மா இருந்தே?"

"சரி, மெட்டில்லாம சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ஆரம்பித்தான். டோரீன் நடந்தால் படகுத்துறை ஆடும். டோரீனிடம் கேக்கைக் காட்டாதே, மேசையையும் தின்பாள். கதவில் சிக்கிய டோரீனை இழுக்க — அதற்கு மேல் வரவில்லை. காது வரை சிவந்துவிட்டது. தண்ணீர் கொதிக்க வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனவன் வெகு நேரம் வரவில்லை.

மார்ச் 11, புதன்

முடிந்தது. திரை மூடும்போது ஆர்கன் இசை மட்டும்தான். ஆனால் பின்வரிசையில் வில்ஃபோடு டிரம் வாசித்த கிழவர் மெல்லப் பாட்டை எடுத்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசி அடி வந்தது. சனியன், என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது.

கிளைவ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பின்னால் திரும்பினான். "நிறுத்துங்க. எங்கம்மா இருக்காங்க."

நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வில்ஃபுக்காக அழுகை வந்தது.

வந்தவர்களுக்குத் தேநீரோடு கேக் வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து நாலு பேர் முன்னால் நான் கேக்கைத் தொட்டதில்லை. இன்று இரண்டு துண்டு சாப்பிட்டேன்.