உன் தாளைப் பார்க்காமல்

ஜனவரி 9

அன்புள்ள முதல் கண்ணுக்கு,

"அந்தக் கம்பெனியில் உனக்கு என்னதான் இருக்கிறது, விட்டு வர மனசே வராத அளவுக்கு?" என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் யோசித்தேன். பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத இருபத்திரண்டு வருடமாகப் பழகியவர்கள் நாம். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

சம்பளமா என்றால், அதுவும்தான். பழக்கமா என்றால், வெறும் பழக்கத்துக்கு இவ்வளவு பயம் இருக்காது. காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுக்கு அதன் இடம் தெரிகிறது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இங்கே புதுச் செய்தி, இந்த மாதத்திலிருந்து இரண்டாம் பார்வை கிடையாது. ஒரு ஸ்லைடை ஒருவர் பார்த்தால் போதுமாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுபது. நாம் 'கடிகாரம்' என்று பேர் வைத்த மேனேஜர் மேசைக்கு மேசை வந்து எண்ணிவிட்டுப் போகிறார். நீ கிளைக்கு மாற்றலாகிப் போன பிறகு சேர்ந்த பெண் ஒருத்தி நேற்று, "ஏன் மேடம் உங்கள எல்லாரும் ரெண்டாம் கண்ணுன்னு சொல்றாங்க?" என்றாள்.

"முன்னாடி கேன்சர் இருக்கான்னு ஒவ்வொரு ஸ்லைடையும் ரெண்டு பேர் மைக்ரோஸ்கோப்புல பாப்போம். முதல்ல பாத்தவங்க எழுதின தாளை ரெண்டாவது ஆள் பாக்கக் கூடாது. தனித்தனியா எழுதி, அப்புறம்தான் பக்கத்துல வெச்சுப் பாப்போம். ஒத்துப்போனாத்தான் ரிப்போர்ட் வெளிய போகும். அவங்க முதல் கண், நான் ரெண்டாம் கண்."

"ஒரே வேலைய ரெண்டு தடவையா?" என்று சிரித்தாள். நல்ல பெண்தான்.

உன் சொந்த லேபுக்கு வருகிறேன். லைசென்ஸ் வாங்கத் தகுதியுள்ள இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்கிறாய். உலகத்தில் வேறு கண்ணே இல்லையா? எந்த டாக்டர் நம்மை நம்பி ஸ்லைடு அனுப்பப் போகிறார்? மெஷின் படுத்துக்கொண்டால் யார் வந்து பார்ப்பார்கள்? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் பதிலுக்காக நான் கேட்கவில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரிகிறது.

என் வீட்டுக்கார வாத்தியாரிடம் சொன்னேன். டியூஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, "நீ செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி எறங்குவ. நீயாவது, சொந்தத் தொழில் ஆரம்பிக்கறதாவது" என்றார். கோபம் வந்தது. மறுக்கத் தோன்றவில்லை.

உன் வீட்டு டிரைவர் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்
ரெண்டாம் கண்


ஜனவரி 17

அடியே ரெண்டாம் கண்ணே,

உலகத்தில் வேறு கண் நிறைய இருக்கிறது. என்னோடு சண்டை போடும் கண் ஒன்றுதான். போனில் பேசலாமே என்று வாத்தியார் அண்ணன் கேட்டால் சொல், போனில் நான் பேசுவேன், நீ 'ம்' கொட்டுவாய், வைத்த பிறகு உன் மனசில் என்ன என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தாளில்தான் நீ வாயைத் திறக்கிறாய்.

ஒரு மாடியில் இரண்டு அறை பார்த்து, சாவியும் வாங்கிவிட்டேன். கீழே டயர் கடை. லாரி டயரைத் தரையில் போட்டால் மைக்ரோஸ்கோப் ஆடுமே என்று, ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் காவல் இருந்தேன். முன்னறையில் தண்ணீர் நடுங்கியது. பின்னறையில் அசையவே இல்லை. என் வீட்டுக்கார டிரைவரும் பார்க்க வந்தார். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். "லேப் தெறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பேஷன்ட் வந்தாச்சு பாரு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். நாற்பது வருடம் பஸ்ஸில் உட்கார்ந்தே இருந்தால் படி ஏறத் தெம்பு எங்கிருந்து வரும்?

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது உனக்குப் பழக்கம். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் தாள் மேசையில் திறந்து கிடந்தது. அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தேன். மூன்று செல்லில் உனக்குச் சந்தேகம் இருந்தும், என் தாளைப் பார்த்துவிட்டு நீயும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினாய். ஏழு மாதம் கழித்து அந்த ஸ்லைடுக்கு உரிய பெண் திரும்பி வந்தாள், வரக் கூடாத நிலையில். அன்று நீ சொன்னதோடு சரி, பிறகு அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. அன்றிலிருந்து என் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இதையும் அப்படியே செய்வோம். எனக்கும் பயம்தான். இங்கே கிளைப் பொறுப்பைத் தருகிறோம் என்று எனக்கும் ஆசை காட்டுகிறார்கள். பிப்ரவரி இருபதாம் தேதி நீ உன் முடிவை எழுது, நான் என் முடிவை எழுதுகிறேன். ஒரே நாளில் தபாலில் போடுவோம். அதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் சரி, சொல்லக் கூடாது. ஒத்துப்போனால் லேப். போகாவிட்டால் வருத்தமில்லை.

ஒத்துப்போகும் டி.

முதல் கண்


ஜனவரி 26

அன்புள்ள முதல் கண்ணுக்கு,

சரி. பிப்ரவரி இருபது.

அது மூன்று செல் இல்லை, நான்கு. பார்த்தது நான். எழுதாததும் நான். உன் தாள் திறந்து கிடந்தது என்று பழியில் பங்கு கேட்காதே.

ரெண்டாம் கண்


பிப்ரவரி 20

முதல் கண்ணே,

வருகிறேன்.

அதை முதலில் எழுதிவிட்டேன். இன்று காலை பத்தரை மணிக்கு ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். "அவங்க என்ன எழுதறாங்கன்னு பாத்துட்டுக் குடேன்" என்றார் வாத்தியார். "பாத்துட்டுக் குடுத்தா அது என் முடிவு இல்லைங்க" என்றேன். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்தது.

கடிகாரம் இரண்டு தடவை படித்தார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையா மேடம்?"

"இல்ல சார்."

"வேற கம்பெனியா?"

"இல்ல சார்."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாக்கப் போறேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அறுபத்தோராவது ஸ்லைடில் ஓரமாக ஏதோ இருந்தது. உன்னைக் கூப்பிடத் திரும்பினேன். உன் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. 'சந்தேகம்' என்று எழுதிக் கொடுத்தேன். கடிகாரம் திருப்பி அனுப்பினார். "இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு எழுதுங்க மேடம். சந்தேகத்துக்கெல்லாம் கட்டம் இல்ல." நாற்பது நிமிடம் பார்த்து, 'இருக்கிறது' என்று எழுதினேன். சரியா என்று இன்றுவரை தெரியாது. தவறாக இருந்தால் ஒரு பெண்ணை வீணாகக் கத்திக்கு அனுப்பியிருக்கிறேன். ரிட்டையராகும் வரை இப்படி இன்னும் ஒன்பது வருடம் என்னால் முடியாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் இது தெரிந்துவிட்டது.

பயம் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பின்னறையில் ஜன்னல் பக்கம் எனக்கு. இதில் சண்டைக்கு வராதே.

ரெண்டாம் கண்


பிப்ரவரி 20

என் கண்ணே,

இல்லை டி. நான் லேப் திறக்கவில்லை.

அன்று டிரைவர் படியில் உட்கார்ந்தாரே, அது பஸ்ஸில் உட்கார்ந்த வியாதி இல்லை. சிறுநீரகம். இரண்டுமே போய்விட்டது. ஜனவரி கடைசியில் கண்டுபிடித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனி இன்சூரன்ஸ்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, நான் இங்கே வேலையில் இருக்கும் வரை. கிளைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். எழுபது ஆயிற்றா என்று மேசைக்கு மேசை போய் எண்ண வேண்டியவள் இனி நான். சாவியைப் போன வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லலாம் என்று நாலு தடவை பேனாவை எடுத்தேன். சொன்னால் நீ என்னைப் பார்த்து எழுதுவாய். ஒரு தடவையாவது நீ தனியாக முடிவெடுக்க வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். உன் தாளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். செருப்புக்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நீ. 'வரவில்லை' என்றுதான் எழுதியிருப்பாய். முன்பெல்லாம் உன் பயத்தைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இந்த ஒரு மாதமாக அதை நினைத்துத்தான் எனக்கு நிம்மதி. உனக்காவது நாற்காலி இருக்கிறது.

இரண்டு தாளும் ஒத்துப்போய்விட்டது, பார்த்தாயா.

முதல் கண்


பிப்ரவரி 25

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. என்னுடையது உனக்கு நேற்றே வந்திருக்க வேண்டும். நேற்று மாலையிலிருந்து ஏழு தடவை போன் அடித்தது. எடுத்தால் நீ அழுவாய், நான் ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார்? ஊசி போடும் கையில் வீக்கம் இருக்கிறதா? அந்தக் கையில் பாரம் தூக்க விடாதே. இதை முதலில் கேட்டுவிடுகிறேன், மற்றதை எழுத ஆரம்பித்தால் என் குரல் மாறிவிடும்.

எனக்கு நீ சொல்லியிருக்கலாம். ஸ்லைடு யாருடையது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் தாளைக் கவிழ்த்து வைக்கும் விதி. அண்ணனை எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் அவர் வேட்டியில் காபியைக் கொட்டியவள் நான். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன்னைப் பார்த்து 'வரவில்லை' என்று எழுதியிருப்பேன். எழுதிவிட்டுப் போகிறேன், உனக்கு அதில் என்ன குறைந்துவிடும்? ஒரு மாதமாக நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். எனக்குச் சொல்லக் கூடாது என்று வேறு உட்கார்ந்திருக்கிறாய்.

என் தாளில் என்ன இருக்கும் என்று தெரியும் என்றாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடத்தில் ஸ்லைடைப் பார்க்காமலே நீ எழுதிய ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

கோபமில்லை. இருக்கிறதோ என்னவோ, இன்று தெரியவில்லை.

நாளைக்குக் கடிகாரத்தைப் பார்த்து ராஜினாமாவைத் திரும்பக் கேட்கப் போகிறேன். கொடுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன், இங்கே ஆள் குறைவு. அதனால் என்னைப் பற்றிய கவலையை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். அண்ணனுக்கு ஏதாவது என்றால் வாத்தியாருக்குச் சொல், நாங்கள் இருவரும் வருவோம்.

இப்படிக்கு,
உன் கல்லூரித் தோழி


பிப்ரவரி 26

மேலே உள்ளதை இன்னும் தபாலில் போடவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கடிகாரம் உட்காரச் சொன்னார். தலைமையகம் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டுவிட்டதாம். சேர்ந்திருந்த விடுப்பைக் கழித்ததில் நோட்டீஸ் காலமும் நேற்றோடு முடிந்துவிட்டதாம். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன் மேடம்" என்றார். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். ஸ்லைடுக்கு இவ்வளவு என்று வந்து பார்த்துக் கொடுக்கலாம். விடுப்பு கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. "இனிமே உங்களுக்கு நீங்களே முதலாளி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். படிவத்துக்குப் புகைப்படம் வேண்டும் என்றதால் வெளியே போய் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் ஒன்பது வருடமாக எனக்கு வணக்கம் சொல்லும் காவலர், "தப்பா நெனைக்காதீங்கம்மா, இனிமே நோட்டுல எழுதிட்டுப் போகணுமாம்" என்றார். பெயர், நேரம், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மூன்று கட்டம். மூன்றாவதைக் காலியாக விட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஐந்து மணி வரை முப்பத்தெட்டு ஸ்லைடு பார்த்தேன்.