பூவாத்தாள் அத்தையின் ஜவுளிக்கடைக் கூப்பன்

திருச்செங்கோடு
12-2-1989

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டுகிறோம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் குச்சிக்கிழங்கை முன்கூட்டியே பிடுங்கிவிட்டோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை.

வேறு யாராவது மாற்றி எழுதும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் நீ வந்திருந்தபோது பூவாத்தாள் அத்தைக்கு சேலம் ஜவுளிக்கடையில் கூப்பன் வாங்கிக் கொடுத்தாய் அல்லவா, அதை அவள் மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாள். பெண் வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. மார்கழியில் சம்பந்தி வீட்டாரோடு போய்ச் சேலை எடுத்தபோது, ஆறு மாசந்தானுங்க, இனிச் செல்லாதுங்க என்று கடைக்காரப் பையன் சொல்லிவிட்டான். உம் மக செல்லாத சீட்டைக் குடுத்து என்னைய நாலு பேர் முன்னால நிக்க வெச்சுட்டா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கூப்பனைப் பார்த்தேன், கெடு எதுவும் அச்சிடவில்லை. கடைச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களாம். வக்கீல் கைலாசத்தைக் கேட்டேன். நுகர்வோருக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, மனுப் போடலாம், ஆனால் கூப்பன் எத்தனை நாள் செல்லும் என்று அதில் இல்லை, தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்றார். சரி, நேரில் கேட்போம் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை வர வைத்தது அம்மாதான்.

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். அத்தை எடுத்த சேலையை நீட்டி, உங்க முகத்துக்காகத் தாரேனுங்க என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அத்தை அதை மேசைமேல் வைத்துவிட்டாள். முகத்துக்காக வேண்டாமுங்க, எங்க அண்ணம் புள்ள காசு குடுத்து வாங்குன சீட்டு, செல்லும்னு சொல்லிக் குடுங்க, இல்லீனா நான் போறனுங்க என்றாள். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, செல்லுமுங்க என்று சொல்லிக் கூப்பனுக்கே பில் போடச் சொன்னார். ஊரில் பஸ் இறங்கியதும் அத்தை நேராக நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். இனி எங்கே கூப்பன் வாங்கினாலும் எதுவரை செல்லும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். அத்தைக்கு ஒரு கடிதம் போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, சேலை என்ன நிறம் என்று மட்டும் கேள்.

அர்த்தநாரீசுவரர் அருளால் மூவரும் நோய்நொடியின்றி இருக்க எங்கள் ஆசிகள்.

அப்பா,
மருதாசலம்