செம்பருத்தியில் மறுபடியும் மாவுப்பூச்சி

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் பூச்சி உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் சௌக்கியமாக இருப்பீர்கள். இல்லையென்றால் இந்நேரம் மாற்றல் கேட்டு மனுப் போட்டிருப்பீர்கள். இங்கே கல்கத்தா டாக்குரியாவில் நானும் உங்கள் தங்கை செல்வியும் நலம். நலமில்லாதது, பெரியம்மா முறையில் மாஷிமா என்று நாம் கூப்பிடும் அடுத்த வீட்டு அம்மாவின் செம்பருத்திதான். மாவுப்பூச்சி மறுபடியும் வந்துவிட்டது.

காளி பூஜை நெருங்கும் நேரம் பார்த்து வந்தது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருடத்திலிருந்து மாஷிமா பூஜைப் பந்தலுக்கு மாலை கட்டித் தருகிறார், அதுவும் அந்த ஒரு மரத்துப் பூவில். கடையில் வாங்கிய பூவைக் காளிக்குப் போடும் நாள் வந்தால் அதற்குள் தான் போய்விட வேண்டும் என்பார். இந்த வருடம் கொழுந்தெல்லாம் சுருண்டு, மொட்டுக் காம்பெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. போன ஞாயிறு காலையில் மருந்தடிக்கும் பம்போடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். "போகாபாபு" என்று கூப்பிட வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பூச்சி பாபு என்று உங்களைக் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இன்னும் விடவில்லை. எனக்கு மட்டும் விட்டுவிட்டதா என்ன?

நீங்கள் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது செல்வி தெருவெல்லாம் பெருமையடித்தாள். அண்ணன் சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீசர் என்றாள். என்ன ஆபீஸ் என்று கேட்டவர்களிடம் பேச்சை மாற்றிவிடுவாள். நாடெங்குமிருந்து விவசாயிகளும் அதிகாரிகளும் செத்த பூச்சியைச் சீசாவில் போட்டு அனுப்புவார்கள், எங்கள் அண்ணன் அதற்குப் பெயர் சொல்வார் என்று எப்படிச் சொல்வாள் பாவம்?

நம் வீட்டுக்குத் தங்க வந்த மறுவாரமே ரவையில் வண்டு விழுந்தது. வேறு வீடாயிருந்தால் வெயிலில் காயவைப்பார்கள், இல்லையென்றால் கொட்டுவார்கள். நீங்கள் லென்சை எடுத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதன் மீசை நுனி சட்டென்று தடிக்கிறதா, மெதுவாகத் தடிக்கிறதா என்று பார்த்தால்தான் எந்த வண்டு என்று தெரியுமாம்.

"அண்ணே, மீசை எப்படி இருந்தா என்ன? உப்புமா கிடையாது. நீங்களும் அவரும் பாவுரொட்டி தின்னுட்டு ஆபீசுக்குக் கெளம்புங்க" என்றாள் செல்வி. நான் பேங்கில் ரொட்டி ஏப்பத்தோடு உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்தச் செம்பருத்தியில் முதல்முறை மாவுப்பூச்சி வந்ததும் அதற்கடுத்த காளி பூஜைக்கு முன்புதான். அப்போதெல்லாம் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தெருமுனை பூத்தில் வரிசையில் நிற்போம். அந்த வரிசை முழுக்க ஒரே பேச்சு, போகாபாபு என்ன மருந்து சொல்வார் என்பது. நீங்கள் மருந்தே சொல்லவில்லை. "முதல்ல பேர் தெரியட்டும்" என்றீர்கள்.

பெயர் தெரிய வேண்டுமானால் வளர்ந்த பெண்பூச்சி வேண்டும். அதைக் காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் பிதுக்கி எடுத்து, வெறும் தோலுக்குச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆண்பூச்சி உதவாதா என்று நான் கேட்டது தப்பாகப் போயிற்று.

"அதுக்கு வாயே கிடையாது மாப்ள. றெக்கை மொளைக்கும், கொஞ்ச நேரம் பறக்கும், செத்துப்போகும்."

"அந்த இனத்துல எனக்கு ஒண்ணு பாத்திருக்கலாமேண்ணே" என்றாள் செல்வி அடுப்படியிலிருந்து. நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பூச்சி எங்கோ விழுந்துபோய், வேறு பூச்சி பிடிக்கத் திரும்பவும் மரத்துக்குப் போனீர்கள்.

தினமும் நீங்கள் ஆபீசிலிருந்து வரும்போது மாஷிமா ஜன்னலில் நிற்பார். "நாம் பேலே?" என்பார். பெயர் கிடைத்ததா என்று அர்த்தம். மீன்காரனும் அதையே கேட்டான், பால்காரனும் கேட்டான். பிள்ளைக்குப் பெயர் வைக்கத்தான் இத்தனை பேர் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கிடைத்தேவிட்டது. மாஷிமாவின் வாசலில் நின்று, ரயில் நீளத்துக்கு ஒரு லத்தீன் பெயரைச் சொன்னீர்கள். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, இப்போ மரத்துக்கு என்ன செய்யணும்?" என்றார். "அது வேற டிபார்ட்மெண்ட்" என்றீர்கள். மச்சான், அன்றைக்கு உங்களை மாஷிமா துடைப்பத்தால் அடிக்காதது அவருடைய வளர்ப்பு.

ஆனால் அவர் முகம் வாடியதை உங்களால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஞாயிறு, லுங்கியோடு மரத்தடியில் குந்திவிட்டீர்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு விரட்டும், அதனால் எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். எறும்பு வரிசையை ஒட்டிக் குந்தியபடியே நகர்ந்தீர்கள். பின்னால் நான், எனக்குப் பின்னால் மாஷிமா, அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

வரிசை நம் வீட்டு வாசலில் வந்து முடிந்தது. செல்வி காலையில் பச்சரிசி மாவில் போட்ட கோலத்தில். தெருவே கோலத்தைப் பார்த்தது, பிறகு செல்வியைப் பார்த்தது.

"எறும்புக்குப் போடுறது புண்ணியம்ணே" என்றாள் சின்னக் குரலில்.

"புண்ணியம் உனக்கு. பூச்சி மாஷிமாவுக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து நம் வாசலில் கல்மாவுக் கோலம். எறும்பு ஏறாமலிருக்க அடிமரத்தைச் சுற்றிச் சைக்கிள் கடைக் கிரீஸ் தடவிய துணிக்கட்டு. எறும்பு நின்றது, பொறிவண்டு வந்தது. பூஜைக்கு மாலையும் வந்தது.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன். பம்புக்காரன் மருந்தைக் கலக்க ஆரம்பித்தான். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய் மரத்துக்கு முன்னால் நின்றேன். "முதல்ல பேர் தெரியட்டும்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கொசுவையும் ஈயையும் தவிர நான் அடையாளம் கண்டது எதுவுமில்லை, அதிலும் ஈ சந்தேகம்தான்.

மாஷிமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். "பூ போச்சுன்னா காளிகிட்ட நீதான் பதில் சொல்லணும்." பம்புக்காரன் பீடி பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிட்டான்.

உங்கள் லென்சைக் கொண்டுவந்தேன். செல்வி அதை உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள், தினமும் துடைக்கிறாள். கிளையை வளைத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒன்றுபோல. அப்போதுதான் நீங்கள் ஒருமுறை தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. சில பொறிவண்டுகளின் குஞ்சும் மேலெல்லாம் வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு மாவுப்பூச்சி வேஷத்தில் திரியுமாம், எறும்பையே ஏமாற்றத்தான்.

"எப்படிப் பிரிச்சுப் பாக்குறது மச்சான்?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"தொட்டுப் பாருங்க மாப்ள. உக்காந்தே இருந்தா களவாணி. எந்திரிச்சு ஓடுனா போலீசு."

விளக்குமாற்றுக் குச்சியால் ஒன்றைத் தொட்டேன். அசையவில்லை. களவாணி. பக்கத்தில் இருந்ததைத் தொட்டேன். குடுகுடுவென்று ஓடியது. அடுத்ததும் ஓடியது. அந்தக் கிளையில் பாதிக்குமேல் போலீசு, மச்சான். பம்பு அடித்திருந்தால் அத்தனையும் செத்திருக்கும்.

"நாம் பேலே?" என்றார் மாஷிமா, பல வருடப் பழக்கத்தில்.

"பேர் தெரியாது மாஷிமா. யார் பக்கம்னு தெரியும்" என்றேன். மாஷிமாவும் குச்சியை வாங்கித் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஓடியதும் சிறுபிள்ளைபோல் சிரித்தார். பம்புக்காரன் முனகிக்கொண்டே போய்விட்டான்.

அப்புறம் எறும்பு ஞாபகம் வந்தது. மரத்தில் எறும்பு வரிசை இருந்தது. கிரீஸ் துணி எப்போதோ மக்கிப்போயிருந்தது. உங்களைப் போலவே குந்தியபடி நகர்ந்தேன். என் முட்டி உங்கள் முட்டி இல்லை என்பதால் நேரம் எடுத்தது. வரிசை நம் வீட்டு வாசலில் வந்து முடிந்தது. கோலம். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், பச்சரிசி மாவு.

செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. "என்ன செல்வி இது?" என்றேன்.

"அண்ணன் பேர்ல போடுறேங்க. சோறு வச்சா இந்த ஊர்க் காக்கா வர மாட்டேங்குது. எறும்பாச்சும் திங்கட்டும்னு" என்றாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் அங்கேயே வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களை ரொம்பத் தேடுகிறது, மச்சான். அந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

பிறகு கிரீஸ் வாங்கி வந்து புதுத்துணி கட்டினேன். வாசலில் இப்போது கல்மாவு. பச்சரிசிக் கோலம் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம், மரத்துக்கு எட்டாத தூரத்தில். எறும்புகள் இரண்டே நாளில் புது விலாசம் கண்டுபிடித்துவிட்டன.

நேற்று காளி பூஜை. மாலை முன்போல நீளமில்லை, ஆனால் முழுக்க அந்த மரத்துப் பூ. இன்று காலையில் மாஷிமா ஒரு பூவோடு வந்து உங்கள் படத்தின் கீழே வைத்தார். கைகூப்பினார். பூவிலிருந்து கடுகளவு பழுப்பு வண்டு ஒன்று இறங்கி, உங்கள் லென்சின் மேல் ஏறி நடந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாஷிமா உங்கள் படத்தைப் பார்த்து மெதுவாக, "நாம் பேலே, போகாபாபு?" என்றார்.

நீங்கள் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை.

நான் வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். எனக்குக் கண்தெரியும்வரை, தொட்டுப் பார்க்காமல் இந்தத் தெருவில் எந்தப் பூச்சியும் சாகாது. கொல்லைப்பக்கம் உங்கள் பெயரில் தினமும் கோலம் விழும். அதைத் தின்ன வருவது என்ன எறும்பு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கையைக் கட்டியவன்,
வாயிருந்தும் வாய் திறக்காத இனம்,
மாப்பிள்ளை சுந்தரம்