தீபத்தன்று ஏழாம் நம்பர் ரூம்

இன்று காலை மேசை இழுப்பறையைத் துழாவியபோது பித்தளை வில்லை கோத்த அந்தச் சாவி கையில் தட்டுப்பட்டது. வில்லையில் ஏழு என்ற எண் தேய்ந்து கிடக்கிறது. உடனே உன் குரல் காதில் விழுந்தது. நீ போய்ச் சேர்ந்து சில வருஷமாகியும் உன் அவசரம் மட்டும் போகவில்லை, பார்.

எண்பதுகளின் பிற்பகுதி. தேரடித் தெருவில், ஜவுளிக்கடை மாடியில், நாம் இருவரும் கம்ப்யூட்டர் சென்டர் வைத்த புதிது. இந்தப் பெண்கள் டிவிப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தவர்கள்தான் அதிகம். வேலை கொடுத்தவர் எவருமில்லை. "கார்த்திகை தீபத்துக்குள்ள ஒரு வேலைகூட வரலன்னா மூடிட்டு மெட்ராஸ்ல அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அப்போதுதான் அந்த லாட்ஜ் முதலாளி வந்தார். எந்த ரூம் யாருக்கு என்று திரை சொல்ல வேண்டுமாம். "தீபத்தன்னிக்கு ஓட்டிக் காட்டுங்க. நல்லா ஓடுச்சுன்னா வாங்கிக்கிறேன்."

நான் புரோகிராம் எழுதுவேன், நீ ஊரைக் கேட்பாய். அதுதான் நம் ஏற்பாடு. முதலாளி, மேனேஜர், ரூம் பாய் என்று ஒருவரையும் நீ விடவில்லை. "ஒரு ரூம், ஒரு நாள், ஒரு பார்ட்டி" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எனக்குக் கொண்டாட்டம், அப்படியே எழுதி முடித்தேன். நீதான் "தங்குறவங்கள யாருடி கேட்டது?" என்று கிளம்பிவிட்டாய். தீபம் நெருங்கிவிட்டதே, உனக்கென்ன பைத்தியமா என்று கத்திக்கொண்டே உன்னோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன்.

வருஷா வருஷம் ஏழாம் நம்பரில் தங்கும் வேர்க்கடலை வியாபாரியின் வீட்டுக்குப் போனோம். வீட்டம்மா அவித்த கடலையை நம் முன்னால் வைத்தார். பேசி முடித்து எழும்போது நீ உன் வழக்கமான கடைசிக் கேள்வியைப் போட்டாய்: "நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்குதாங்க?"

"என்னாத்த இருக்குது? தீபத்தன்னிக்கு விடியக்காலம் வருவோம். மலையில வெளக்கு ஏத்துனதும் கும்புட்டுட்டு பஸ் ஏறிடுவோம். அப்புறம் அதே ரூம்ல மலை சுத்த வர்ற வேலூர்க்காரங்க படுப்பாங்க. பாதி ரூம் அப்படித்தான். ஊருக்கே தெரியுமே!" என்றார் வீட்டம்மா.

நீ என் தொடையில் கிள்ளினாய் பார், உயிர் போயிற்று. என் புரோகிராம் வேலூர்க்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று முதலாளியைக் கேட்டால், "அது தெரியாதவங்க யாருனா இருப்பாங்களாம்மா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். மலையடியில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே நாமும்! "எல்லாருக்கும் தெரிஞ்சதத்தான்டி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க!" என்று நீ தெருவிலேயே குதித்தாய். நான் புரோகிராமைப் பிரித்துப்போட்டு, ஒரே நாளில் ஒரு ரூமுக்கு இரண்டு பார்ட்டி என்று மறுபடி எழுதினேன்.

தீபத்தன்று மாலை, லாட்ஜ் வரவேற்பு மேசையில் நம் கம்ப்யூட்டர். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் மொட்டை மாடியில் மலையைப் பார்த்து நிற்கிறார்கள். வேலூர்க் குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிறது. முதலாளி நம் தலைக்கு மேல் குனிந்து பார்க்கிறார். நீ பெயரைத் தட்டினாய். ஏழாம் நம்பருக்கு நேரே, முதல் பெயருக்குக் கீழே, இரண்டாவது பெயர் பச்சையாக வந்து உட்கார்ந்தது. நீ வீலென்று கத்தினாய். அதே நேரம் வெளியே "அரோகரா" என்று ஊரே கத்தியது. நமக்காகத்தான் கத்துகிறார்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்! மாடிக்கு ஓடியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றும் நொடியை நாம் தவறவிட்ட ஒரே தீபம் அது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தீபத்தையும் பார்த்ததில்லை.

முதலாளி கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். நீ மெட்ராஸ் போகவில்லை. பிற்பாடு லாட்ஜை இடித்தபோது இந்தச் சாவியை நீதான் கேட்டு வாங்கி வந்தாய்.

இன்றைக்கும் எங்கே வேலை பேசப் போனாலும், எல்லாம் கேட்டாயிற்று என்று எழும்போது உன் கேள்வி என் வாயில் வந்துவிடுகிறது. எதிரே இருப்பவர் யோசிக்க ஆரம்பித்ததும், என் கை தானாகப் போய்த் தொடையை மூடிக்கொள்கிறது.