பவுடர் போடாத கழுத்து

அப்பா,

இன்று விடியற்காலை சோதனைச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கழுத்தில் பவுடர். சட்டைக் காலருக்கு மேலே திட்டுத் திட்டாக, சரியாகத் தேய்க்காமல், அச்சு அசல் நீங்கள் போடுவது போலவே. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நெருக்கியதில் நான் அந்த மனுஷனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வேண்டுமென்றே மூச்சை இழுத்தேன். வரிசை நகர்ந்தது தெரியவில்லை. பின்னாலிருந்த பெண் தோளைத் தட்டினாள். ஓராண்டாகிறது நீங்கள் போய். ஒரு டின் பவுடர் என்னை நடுவழியில் நிறுத்தி வைக்கிறது, பாருங்கள்.

லாயாங் லாயாங் ஊரில், நம் வீட்டில் நீங்கள் குளித்துவிட்டு வருவது தெருவுக்கே தெரியும். தண்டவாள வேலைக்குப் போகிற ஆள், பனியனுக்குள் டின்னைக் கவிழ்த்துக் குலுக்குவீர்கள். கழுத்து, நெஞ்சு, அக்குள், போதாதென்று வழுக்கைத் தலை. அம்மா துடைப்பத்தோடு பின்னாலேயே வருவாள். "மனுஷன் போறாரா, மாவு மில்லு போகுதா?" என்பாள். "பவுடர் போட்டாத்தான்டி வெயில்ல நிக்கறப்பகூட நான் குளிச்ச ஆளு" என்பீர்கள். வேலையை விட்டு ஓய்வெடுத்த பிறகும் அந்தப் பழக்கத்துக்கு மட்டும் ஓய்வில்லை.

பாப்பா பிறந்த மூன்றாம் மாதம் அவள் கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து வெடித்தன. சொறிந்து சொறிந்து தலையணையில் ரத்தப் பொட்டு. ஜொகூர் பாருவில் நாங்கள் பார்த்த டாக்டர், இது சீக்கிரம் புண்ணாகிற தோல், வாசனை உள்ள எதையும் கிட்டே விடாதீர்கள் என்றார். சோப்பு, கிரீம், துணி துவைக்கிற தூள், எல்லாமே. அன்றைக்கே குளியலறையைக் காலி செய்தேன். எத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய புட்டிகள்! ஒரு பை நிறையக் கட்டி வெளியே வைத்தபோது எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அது சுலபம். நீங்கள்தான் சுலபமில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவோடு எங்கள் வீட்டுக்குக் காரோட்டி வருவீர்கள். செருப்பைக் கழற்றியதும் பாப்பாவை வாங்கிக் கழுத்தோடு சாய்த்துக்கொள்வீர்கள். சாயங்காலம் பார்த்தால், உங்கள் மேல் சாய்ந்திருந்த கன்னம் மட்டும் கொவ்வைப் பழம். அடுத்த சனியும் அதே கன்னம், அதே சிவப்பு. இனிமேல் சொல்லாமல் இருந்தால் நான் தாயில்லை என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, பவுடர் போட்டுட்டுப் பாப்பாவத் தூக்காதீங்க."

நீங்கள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். சாப்பிட்டதும் அங்கேயேதான். கிளம்பும்போது செருப்பைப் பார்த்தபடி, "ஒன்னையும் பவுடர் போட்டுத்தானே வளத்தோம்" என்றீர்கள். நானும் விடவில்லை. கடைசி வரை எனக்கு வேர்க்குரு போனதா என்று கேட்டேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், வாய் எங்கிருந்து வந்திருக்கும்? கார் போனபின் சமையலறையில் நின்று அழுதேன். பேத்தியைத் தூக்க நீங்கள் வராமலே போய்விடுவீர்களோ என்ற பயம்.

வந்தீர்கள். கார்க் கதவைத் திறந்ததுமே வாசல் வரை செராய் வாசம், அந்த எலுமிச்சைப் புல் வாசம், அடித்தது. மெர்சிங்கிலிருந்து கூட்டாளி கொண்டுவந்த எண்ணெயாம். கை, நெஞ்சு எல்லாம் தேய்த்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றீர்கள். "பவுடர் இல்லம்மா. இது வெறும் புல்லு லா. சுத்த இயற்கை. இப்ப குடு என் பேத்திய."

"மொளகாயும் இயற்கைதான்ப்பா. கண்ணுல தேச்சுக்குவீங்களா?"

உங்கள் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. உள்ளே போய் என் புட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். பச்சை இலைப் படம் போட்டது, பூ எண்ணெய் கலந்தது, இயற்கை என்று பெரிதாக எழுதியது. பழையதை எல்லாம் தூக்கிப் போட்ட கையோடு நானே ஓடிப்போய் வாங்கியது. அதைத் தடவித்தான் பாப்பாவின் முதுகு முழுக்கத் தடித்துப்போயிருந்தது. வாசனை என்றால் வாசனைதான், பூவிலிருந்து வந்தால் என்ன, பட்டறையிலிருந்து வந்தால் என்ன என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். புட்டியைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "அப்ப அப்பனும் மகளும் சேந்தே ஏமாந்திருக்கோம்." அதோடு நம் சண்டை தீர்ந்தது.

அன்றைக்கே என்னை மருந்துக் கடைக்கு இழுத்துப் போனீர்கள். ஒவ்வொரு சோப்பாக எடுத்து மூக்கில் வைத்து, முகம் சுளித்து, திரும்ப வைத்தீர்கள். வாசமே இல்லாத சோப்பு எங்கே என்று உங்கள் மலாயில் கேட்டதும் கடைப்பெண் சிரித்துவிட்டாள். எல்லாரும் வாசத்தைத் தேடித்தானே வருகிறார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக் கட்டியை மோந்துவிட்டு, "ஒன்னுமே இல்ல. இதுதான்" என்றீர்கள். அதிலிருந்து உங்கள் உடம்புக்கு அதுதான் சோப்பு. துணிக்கும் வாசமில்லாத தூள். மத்தியான வெயிலில் கழுத்து பிசுபிசுக்க பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். அவள் கன்னம் அதன் பிறகு அங்கே சிவக்கவில்லை.

ஒரு வயதில் தங்காக்கில், அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் பாப்பாவுக்கு முடி எடுத்தோம். உங்கள் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். முடி இறங்கியதும் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கடைச் சந்தனத் தூள், பன்னீரில் குழைத்தது. பத்தடி தூரத்திலேயே மூக்கைத் துளைத்தது. நான் வேண்டாம் என்றேன். மொட்டைத் தலைக்குச் சந்தனம் வைக்காமல் விடுவதாவது, சாமி குத்தமாகிவிடும் என்று அத்தை குரலை உயர்த்த, சொந்தமெல்லாம் என்னையே பார்த்தது. நேற்றுப் பெற்றவளுக்கு இவ்வளவு திமிரா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நீங்கள் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தீர்கள். அக்காவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தீர்கள்.

"சாமிக்கு ஒரு மொட்டத் தலதானே வேணும்? என் தல இருக்கு. பூசுக்கா."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சி முதல் பிடரி வரை அப்பினார். கோயிலே சிரித்தது. அவ்வளவு சிரிப்பிலும் பாப்பா உங்களிடம் தாவினாள், நீங்கள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப் போனீர்கள். சாப்பாடு முடியும் வரை மண்டபத்தின் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்து, தூரத்திலிருந்தே அவளுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சந்தனத் தலையைப் பார்க்கப் பார்க்க உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது அப்பா. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கடைசிக் குளியலுக்குப் பிறகு உங்களுக்கு வேட்டி கட்டி முடித்ததும் அம்மா அலமாரியைத் திறந்து அந்த டின்னை எடுத்து வந்தாள். பாதி இருந்தது. தூக்கிப் போடவும் மனசில்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை, அவ்வப்போது திறந்து மோந்து பார்த்து மூடிவிடுவார் என்றாள். பாப்பாவை அவள் அப்பாவோடு வெளியே அனுப்பினேன். பிறகு கழுத்து, நெஞ்சு, தலை என்று நானே போட்டேன். சரியாகத் தேய்க்கவில்லை. நீங்கள் என்றைக்குச் சரியாகத் தேய்த்தீர்கள்? டின் காலியாகும் வரை குலுக்கினேன். அம்மா இந்த முறை துடைப்பத்தை எடுக்கவில்லை.

பாப்பாவுக்கு இப்போது தோல் பெரும்பாலும் ஆறிவிட்டது. ஆனாலும் நான் அதே வெள்ளைக் கட்டிதான் வாங்குகிறேன். இன்று வேலைவிட்டு வந்ததும் புதுக் கட்டி ஒன்றை அவளைப் பிரிக்கச் சொன்னேன். காகிதத்தைக் கிழித்து, உங்களைப் போலவே மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்னுமே இல்லை என்று நீங்கள் தேர்ந்தெடுத்த சோப்பு அது.

"அம்மா, தாத்தா வாசம் வருது" என்றாள்.

நானும் வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்கு வருகிறது, அப்பா.